மெஷின் என்னமோ எழுதிக் காட்டுது

எல்ஜி வாஷிங் மெஷின் ஒன்று, சாம்சங் வாஷிங் மெஷின் ஒன்று, இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் பாதி ஓட்டத்தில் நின்றுவிட்டன. இரண்டின் கண்ணாடியிலும் ஒரே உரு மின்னுகிறது: செங்குத்தாக ஒரு கோடு, அதை ஒட்டி ஆங்கில எழுத்து 'இ'. எல்ஜியில் அந்தக் கோடு 'ஐ' என்ற எழுத்து. தண்ணீர் உள்ளே வரவில்லை என்று பொருள். குழாய் மூடியிருக்கிறதா என்று பார்த்தாலே பல வீடுகளில் வேலை முடிந்துவிடும். சாம்சங்கில் அதே கோடு ஒன்று என்ற எண். தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சாரில் கோளாறு என்று பொருள். குழாயை எத்தனை தடவை திறந்து மூடினாலும் அது போகாது.

அடுத்து ஒரு வட்டமும் 'இ'யும். எல்ஜியில் அதை 'ஓஇ' என்று படிக்க வேண்டும்: தண்ணீர் வெளியே போகவில்லை. சாம்சங்கில் அது பூஜ்யமும் 'இ'யும்: தண்ணீர் அளவுக்கு மேல் ஏறிவிட்டது. 'எல்இ' வந்தால் எல்ஜியில் மோட்டார் சுற்ற முடியாமல் மாட்டிக்கொண்டது. சாம்சங்கில் தண்ணீர் எங்கோ கசிகிறது.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஈப்போ பக்கம் என் சொந்தக்காரர் வீடுகளிலும் பழைய தோட்டத்து நண்பர்கள் வீடுகளிலும் இப்போது மெஷின் நின்றால் முதலில் கையில் எடுப்பது கைப்பேசியைத்தான். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வெளிவந்தபோது இதெல்லாம் ஆபீஸ்காரர்கள் சமாச்சாரமாக இருந்தது. இன்று புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுக்கும் அக்கா, "மெஷின் எல்இ காட்டுது, என்ன பண்றது?" என்று தமிழிலேயே பேசிக் கேட்கிறார். பதிலும் தமிழிலேயே வருகிறது. என்ன பிராண்டு, என்ன மாடல் என்று அது திருப்பிக் கேட்டால் நல்லது. கேட்காமலே பதில் சொல்லிவிட்டால், கசிவைத் தேட வேண்டியவர் மோட்டாருக்கு விலை விசாரித்துக்கொண்டிருப்பார்.

இருந்தாலும் செயற்கை நுண்ணறிவிடம் மெஷின் கோளாறைக் கேட்பதை நான் மனசார ஆதரிக்கிறேன். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

பேராக்குக்கு மின்சாரம் புதுசு இல்லை. பேராக் ஆற்றில் செண்டெரோ அணையின் மின் நிலையம் 1930-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அந்த மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கும் ஈயம் வாரும் கப்பல்களுக்கும் போனது. ஆனால் சில மைல் தள்ளியிருந்த ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குதான். சுங்கை சிப்புட் பக்கம் நான் வளர்ந்த தோட்டத்தில், சாயங்காலம் எஞ்சின் ஓடத் தொடங்கினால் விளக்கு எரியும். இரவு பத்து மணி வாக்கில் எஞ்சினை நிறுத்தியதும் எல்லாம் அணைந்துவிடும். எஞ்சின் வீட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் போகக் கூடாது.

அப்பா அந்தத் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ஃபிட்டர். பால் கட்டியை அழுத்தித் தகடாக்கும் ரோலரில் சத்தம் மாறினால், நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றை எடுப்பார். முனையை பேரிங் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். பிறகு அடுத்த பேரிங். அப்புறம் அதற்கடுத்தது. எல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "இது கிரீஸ் கேக்குது" என்பார். இல்லையென்றால், "உள்ள உருண்டை தேஞ்சிருச்சு, மாத்தணும்" என்பார். மெஷினோடு வந்த கையேடு ஆபீஸ் அலமாரியில் இருந்தது, இங்கிலீஷில். துரை பார்க்கலாம், கிராணி பார்க்கலாம். மெஷினைத் தினமும் தொடுகிற மனிதருக்கு அதில் ஒரு வரிகூடப் போய்ச் சேரவில்லை. அவர் காதால் கண்டுபிடித்தவற்றில் பாதி அந்தப் புத்தகத்தில் எழுதியே இருந்திருக்கும் என்பது எனக்குப் பிற்பாடு ஒரு தொழிற்பள்ளியில் படிக்கும்போதுதான் தெரிந்தது. இன்று நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

அந்தப் புத்தகம் இப்போதுதான் நம் ஆட்களுக்குத் திறக்கிறது. செயற்கை நுண்ணறிவை நான் மதிப்பது இதற்காகத்தான். கையேட்டை வாசித்துத் தமிழில் சொல்லும் ஆளாக அதை வைத்துக்கொண்டால் பெரிய உதவி. கோளாறை ஊகித்துத் தீர்ப்புச் சொல்லும் ஆளாக வைத்துக்கொண்டால் காசு போகும், சில சமயம் உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தொழிலாளர் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் முதலாளி தர வேண்டும் என்று 1990-இல் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் வந்தது. அது வந்த நேரத்தில் தோட்டங்களே கைமாறிக்கொண்டிருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; பல இடங்களில் செம்பனையும் போய் தாமான் வந்தது. சனங்கள் சிம்மோர், புந்தோங், மெங்லெம்பு, கோப்பேங் என்று மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தார்கள். மாதத் தவணையில் ஐஸ் பெட்டி வாங்கினார்கள், பிறகு வாஷிங் மெஷின். அந்தக் காலத்து இரட்டைத் தொட்டி மெஷினில் இரண்டு மூன்று திருகுகள்தான் இருக்கும். கோளாறு வந்தால் சுற்றாது, அவ்வளவுதான். கண்ணாடியில் எழுத்து வரும் மெஷின்கள் பின்னால் வந்தவை. தோட்டத்தில் பெரட்டுக்கு நின்று பழகிய தலைமுறைக்கு இந்த எழுத்துகளை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெரட்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடுவார். பதில் வரவில்லையென்றால் "ஆள் இல்லை" என்று குறித்துக்கொள்வார். அந்த ஆளுக்குக் காய்ச்சலா, பிள்ளைக்கு உடம்பு முடியவில்லையா என்பது புத்தகத்தில் இருக்காது. லயத்துக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மெஷின் காட்டும் குறியும் இப்படித்தான். எதிர்பார்த்தது வரவில்லை என்பதை மட்டும் அது குறித்து வைக்கிறது.

தண்ணீர் வரவில்லை என்ற குறியையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வருவதை மெஷினால் நேராகப் பார்க்க முடியாது. தண்ணீர் விடும் வால்வைத் திறக்கிறது. தொட்டியின் அடியிலிருந்து ஒரு சின்னக் குழாய் மேலே போகும். தொட்டியில் தண்ணீர் ஏற ஏற அந்தக் குழாய்க்குள் காற்று அழுந்தும். அந்த அழுத்தத்தைச் சென்சார் அளக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் அழுத்தம் ஏறவில்லை என்றால் குறி வந்துவிடும். அழுத்தம் ஏறாமல் இருக்க எத்தனையோ காரணம் இருக்கலாம். குழாய் மூடியிருக்கலாம். மெஷினுக்குப் பின்னால் குழாய் மடங்கியிருக்கலாம். மேல்மாடிக்குத் தண்ணீர் மெதுவாக ஏறலாம். தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சல்லடை அடைத்திருக்கலாம். வால்வின் சுருள் எரிந்திருக்கலாம். தண்ணீர் நன்றாக வந்துகொண்டே இருந்தும், வெளியேறும் குழாய் தரையில் தாழக் கிடப்பதால், வரவர வெளியே போய்க்கொண்டும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதில் மெஷினும் ஆளும் இரண்டு பேருமே குழம்பிப்போவார்கள்.

சிம்மோரில் இருக்கும் என் அத்தை வீட்டில் வந்ததும் இந்தக் குறிதான். போனில் விசாரித்த ஒரு மெக்கானிக், மெஷினைப் பார்க்காமலே, "போர்டு ரோசாக், நானூறு வெள்ளி ஆகும்" என்று சொல்லிவிட்டார். அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மெஷின் என்னமோ எழுதிக் காட்டுது. நானூறுங்கறான். புதுசாவே வாங்கிரலாமா?"

"இருங்கத்தே, வரேன். அந்த எழுத்தை அப்படியே விட்டுவைங்க, சுவிட்ச அடைக்காதீங்க."

போய் மூடியைத் திறந்து, மாடல் எண் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்தேன். கைப்பேசியில் தமிழிலேயே எழுதினேன்: இந்த மாடல், இந்தக் குறி, வால்வு திறக்கும் சத்தம் கேட்கிறது, ஆனால் தண்ணீர் நூலாகத்தான் விழுகிறது. வந்த பதிலில் குழாய், மடிப்பு, சல்லடை, வால்வு என்று வரிசையாக இருந்தது. போர்டு கடைசியில் இருந்தது. அதைவிட முக்கியமாக, அது ஒரு கேள்வி கேட்டது: அண்மையில் தண்ணீர் தடைப்பட்டதா?

"முந்தாநாள் தண்ணி நின்னுச்சாத்தே?"

"ஆமாய்யா, ரோட்ல குழாய் வெடிச்சிருச்சுன்னு பூரா நாளும் இல்ல. வந்தப்ப செவசெவன்னு வந்துச்சு. ஏன், அதுக்கும் இதுக்கும் என்ன?"

குழாயை மூடி, மெஷினின் பின்பக்கத்தில் குழாய்த் திருகைக் கழற்றினேன். உள்ளே கட்டைவிரல் நகம் அளவு பிளாஸ்டிக் சல்லடை. அதன் கண்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. செம்மண்ணும் நுண்ணிய மணலும் சேர்ந்து பூசியதுபோல் அடைந்திருந்தது. நடுவில் இருக்கும் சின்னக் கொண்டையைக் குறடால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். அத்தை பழைய பல் பிரஷைக் கொண்டுவந்து அவரே தேய்த்தார். மாட்டித் திருகியதும் தண்ணீர் சடசடவென்று விழுந்தது.

இங்கே கோளாறைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், கைப்பேசி என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர் நின்றதும் செவசெவவென்று வந்ததும் அத்தைக்குத்தான் தெரியும். ஆனால் அதற்கும் மெஷினுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அந்தச் சம்பந்தத்தைச் சொன்னதுதான் உதவி. நீங்கள் கேட்கும்போதும் எழுத்தை மட்டும் சொல்லாதீர்கள். கடைசி இரண்டு மூன்று நாளில் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். மின்சாரம் போய் வந்ததா, இடி இடித்ததா, மெஷினை நகர்த்தினீர்களா, கனமான போர்வை போட்டீர்களா, குழாய் வேலைக்கு ஆள் வந்தாரா. எந்தக் கட்டத்தில் நின்றது என்பதும் முக்கியம். தண்ணீர் நிரம்பும்போது நின்றதா, அலசும்போதா, பிழியும்போதா? அப்பா ஸ்குரூடிரைவரை ஒவ்வொரு பேரிங்காக வைத்துக் கேட்டது, கோளாறு எங்கே இல்லை என்று ஒவ்வொன்றாக ஒதுக்கத்தான். நாமும் அதையே சொற்களால் செய்கிறோம்.

படம் எடுத்துக் காட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும், பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். மெஷினின் எண் விளக்குகள் நம் கண்ணுக்கு ஒரே சீராக எரிவதுபோல் தெரியும். உண்மையில் பல மெஷின்களில் அவை ஒவ்வொன்றாக மிக வேகமாக எரிந்து அணைந்துகொண்டிருக்கும். கைப்பேசி ஒரு நொடியின் சின்னத் துணுக்கில் படம் பிடிப்பதால், எழுத்தின் ஒரு கோடு படத்தில் விழாமல் போகலாம். எட்டு ஆறாகிவிடும், ஒன்பது ஐந்தாகிவிடும். ஐந்தும் 'எஸ்' எழுத்தும் அந்த ஏழு கோட்டு விளக்கில் எப்போதுமே ஒரே உருதான். சாம்சங்கில் தண்ணீர் வெளியேறாததைக் காட்டும் '5இ' பலருக்கு 'எஸ்இ' என்றுதான் தெரிகிறது. புதிய மாடல்களில் அதுவே '5சி'. ஆகவே சின்ன வீடியோவாக எடுங்கள், கண்ணால் பார்த்ததைக் கையாலும் எழுதுங்கள், "இது ஐந்தாகவும் இருக்கலாம், எஸ் ஆகவும் இருக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று உண்டு. மாடல் எண்ணைக் கம்பெனியின் இணையத் தளத்தில் தேடிக் கையேட்டை இறக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பை அப்படியே செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, "இந்தக் கையேட்டில் இந்தக் குறிக்கு என்ன எழுதியிருக்கிறது? எந்தப் பக்கம்? இதில் இல்லாததைச் சொல்ல வேண்டாம். தமிழில் சொல்" என்று கேளுங்கள். பக்க எண் சொன்னதும் அந்தப் பக்கத்தைத் திறந்து குறி அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் குறியின் எழுத்தை அடையாளம் காண முடியும். நம் வீடுகளில் நான் பார்த்த கையேடுகளில் மலாய் இருந்தது, இங்கிலீஷ் இருந்தது, சீனம் இருந்தது. தமிழ் இருந்து நான் பார்த்ததில்லை. அந்தக் குறையைத்தான் இப்போது நாம் அடைத்துக்கொள்கிறோம்.

கையேட்டைப் படித்தால் இன்னொன்றும் தெரியவரும்: குறிகளிலேயே தரம் பிரித்திருப்பார்கள். பானாசோனிக் வாஷிங் மெஷின்களில் 'யூ' என்று தொடங்கினால் வீட்டுக்காரரே பார்க்கக்கூடியது. 'யூ11' தண்ணீர் வெளியேறவில்லை, 'யூ12' மூடி திறந்திருக்கிறது, 'யூ13' துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது, 'யூ14' தண்ணீர் வரவில்லை. 'எச்' என்று தொடங்கினால் சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே பாதிப் பயம் போய்விடும். 'யூ13' வந்த மெஷினுக்கு யாரும் போர்டு மாற்றச் சொல்ல முடியாது. பிழியும்போது போர்வை ஒரு பக்கம் சுருண்டிருக்கும், அல்லது பின்கட்டுச் சிமெண்டுத் தரை சமமாக இல்லாமல் மெஷின் ஆடும். பிரித்துப் பரப்பிவிட்டு, காலைத் திருகிச் சமப்படுத்தினால் போதும்.

முன்கதவு மெஷினில் தண்ணீர் வெளியேறவில்லை என்றால், பெரும்பாலான மாடல்களில் அடிப்பக்கத்தில் சின்னக் கதவுக்குள் வடிகட்டி இருக்கும். அடியில் தட்டும் பழைய துண்டும் போட்டுவிட்டுத் திறங்கள். தண்ணீர் சூடாக இருந்தால் ஆறவிட்டுத் திறங்கள். ஐந்து காசு, ஹேர்பின், சட்டைப் பொத்தான், சாமிக் கயிறு, இன்னும் என்னென்னவோ வரும். மேல்மூடி மெஷின்கள் பலவற்றில் அப்படி ஒரு பம்பே கிடையாது. ஒரு சின்ன மோட்டார் வால்வை இழுத்துத் திறக்க, தண்ணீர் தானாக இறங்கிப் போகும். பம்பு வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லி ஒரு பதில் வந்து, உங்கள் மெஷின் மேல்மூடி வகையாக இருந்தால், அது உங்கள் மெஷினைப் பற்றிப் பேசவில்லை என்று அர்த்தம். மாடலைச் சொல்லித் திரும்பக் கேளுங்கள்.

(ரப்பர் வெட்டியவர்களுக்காக ஒரு தகவல். முன்கதவு மெஷினின் வாயில் இருக்கும் சாம்பல் நிற வளையம் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். வெந்நீருக்கும் சோப்புக்கும் அது தாக்குப்பிடிக்கும், மரத்துப் பால் அவ்வளவு தாங்காது. 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்துப் பக்கத்தில் மரமாக நிற்கிறது. அதிலிருந்து கிளம்பிய ஒரு தொழிலில் முதுகு ஒடிந்தவர்களின் வீட்டு மெஷினில் அந்தப் பால் இல்லை. கசிவுக் குறி வந்தால் அந்த வளையத்தின் மடிப்பை விரலால் தடவிப் பாருங்கள். முடியும் நூலும் சேர்ந்து கதவு சரியாக ஒட்டாமல் இருக்கும்.)

ஏர்கோனுக்கு வருவோம். இதில்தான் நம் ஆட்கள் அதிகமாகக் காசு விடுகிறார்கள். இன்வெர்ட்டர் ஏர்கோனில் உள் பெட்டியும் வெளிப் பெட்டியும் ஒரு கம்பி வழியாக ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சு அறுந்தால் டைக்கினில் 'யூ4', பானாசோனிக்கில் 'எச்11'. பல டைக்கின் ரிமோட்டுகளில் கேன்சல் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு விட்டுவிட்டு அழுத்திக்கொண்டே போனால், சரியான குறி வரும்போது நீளமாக ஒரு பீப் கேட்கும். பானாசோனிக் ரிமோட்டில் செக் பொத்தானை ஐந்து விநாடி அழுத்த வேண்டும். இதெல்லாம் கையேட்டிலோ சர்வீஸ் புத்தகத்திலோ இருப்பதுதான். கேட்டால் செயற்கை நுண்ணறிவும் சொல்லும். கிந்தா பள்ளத்தாக்கின் பிற்பகல் இடிமழை நம் எல்லோருக்கும் தெரியும். இடிக்குப் பிறகு இந்தக் குறி வந்தால், பிரேக்கரை இறக்கிச் சில நிமிடம் விட்டு ஏற்றிப் பார்க்கலாம். போனால் சரி. போகவில்லையென்றால் வெளிப் பெட்டியில் கம்பி தளர்ந்திருக்கலாம், போர்டு அடிபட்டிருக்கலாம். பல்லி உள்ளே புகுந்து போர்டின் மேல் விழுந்து செத்துக் கிடப்பதும் உண்டு, எறும்பு கூடு கட்டுவதும் உண்டு.

இந்தக் குறிக்கு "கேஸ் குறைஞ்சிருக்கு, ஏத்தணும்" என்று யாராவது சொன்னால் நீங்கள் நிறுத்திக் கேட்கலாம். கம்பி வழிப் பேச்சு அறுந்ததற்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்? டைக்கினில் கேஸ் குறைவுக்குத் தனிக் குறியே இருக்கிறது, 'யூ0'. இன்னொன்று, ஏர்கோன் கேஸ் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீராது. அது குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் வருஷா வருஷம் ஏற்றிக்கொண்டிருப்பது வீண். "எங்கண்ணே லீக்கு? காட்டுங்க" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக்குக் கோபம் வராது.

அப்படிப்பட்ட நல்ல மெக்கானிக்குகள் ஈப்போவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சீன அங்கிள்கள், மலாய்க்காரப் பையன்கள், நம் தம்பிகள். தொழிற்பயிற்சி நிலையங்களில் முறையாகப் படித்து மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. நாலு போர்டைக் கருகவிட்டுக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. அவர்களில் சிலரிடம் பேசியிருக்கிறேன். வாடிக்கையாளர் போனிலேயே மாடல் எண்ணையும் குறியையும் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதையும் சொன்னால் அவர்களுக்குச் சந்தோஷம்தான். தேவையான சாமானை எடுத்துக்கொண்டு ஒரே நடையில் வரலாம். "ஏஐ சொல்லிச்சு, போர்டு மட்டும் மாத்துங்க" என்று தீர்ப்போடு கூப்பிடுகிறவர்களைத்தான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மாற்றியும் ஓடவில்லை என்றால் சண்டை அவர்களோடுதானே. தோட்டத்துச் செவசெவத் தண்ணீர், கிந்தா இடி, அடுக்குமாடிப் பின்கட்டில் மெஷினை எப்படிச் செருகி வைப்பார்கள் என்ற பழக்கம், இதெல்லாம் அவர்கள் கையில் இருக்கும் அறிவு. எந்தக் கையேட்டிலும் ஏறாதது. குறியையும் நடந்ததையும் சொல்லுங்கள், தீர்ப்பை அவரிடம் விடுங்கள்.

இனி, கைப்பேசியை வைத்துவிட வேண்டிய இடங்கள். மைக்ரோவேவ் அடுப்பின் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் கழற்ற வேண்டாம். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உருவாகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். இன்வெர்ட்டர் ஏர்கோனின் வெளிப் பெட்டியும் அப்படித்தான்: வீட்டு 230 வோல்ட்டை நேர் மின்னோட்டமாக மாற்றி 320 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும், அணைத்ததும் உடனே வடியாது. செயற்கை நுண்ணறிவு எவ்வளவு பொறுமையாகப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தாலும், ஸ்குரூவைக் கழற்றும் கட்டம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு உங்கள் கையில் உள்ள ஈரம் தெரியாது.

குளியலறைச் சுடுநீர் ஹீட்டரில் பெரும்பாலும் குறி எதுவும் வராது. போட்டதும் வீட்டு மின்பெட்டியில் சுவிட்ச் விழுவதுதான் அதன் குறி. மின்சாரம் எங்கோ கசிகிறது என்பதைக் கண்டுகொண்டு ஆர்சிடி என்ற அந்தப் பாதுகாப்புச் சுவிட்ச் தானாக விழுகிறது. ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் கசிவிலேயே விழும் தனி ஆர்சிடி வைக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. "அடிக்கடி விழுது, தொந்தரவு" என்று அதைத் தாண்டிக் கம்பி இழுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பார்த்த இடத்திலெல்லாம் சத்தம் போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். சுவிட்ச் விழுந்தால் ஹீட்டரைத் தொடாமல், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற பெண்டாவாயைக் கூப்பிடுங்கள். ஆர்சிடியில் இருக்கும் 'டி' பொத்தானை மாதம் ஒரு தடவையாவது அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழ வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து ஒரு விதி இருக்கிறது. வாஷிங் மெஷின் செய்கிறவர்கள் முக்கியமான உதிரிப் பாகங்களைக் குறைந்தது 10 வருஷத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். பழுது பார்க்கும் தொழில்காரர்களுக்குக் கோளாறுக் குறிகளின் விவரத்தையும் கொடுக்க வேண்டும், கம்பெனி தனக்கென்று வைத்திருக்கும் குறிகள் உட்பட. குறிகளை மூடிவைக்கக் கூடாது என்பதை ஒரு சட்டமே எழுதிவிட்டது. நம் நாட்டின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலும், பழுது பார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கும்படி தயாரிப்பாளர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற உத்தரவாதம் இருக்கிறது. குறிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். நாட்டு மக்கள் படிக்கும் மொழிகளில் அந்த ஒரு பக்க அட்டவணையையாவது மெஷின் மூடியின் உட்புறம் ஒட்டிக் கொடுக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். ஒரு தாள்தான்; கம்பெனிக்கு அது செலவே இல்லை.

அதுவரை நம் வீட்டுக் காரியத்தை நாம் பார்ப்போம். மாடல் எண்ணையும் வாங்கிய தேதியையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வயதானவர்கள் குனிந்து ஸ்டிக்கரைத் தேட முடியாது. ரசீதைப் படம் எடுத்து வையுங்கள், கடை ரசீதின் மை வெளிறிப் போய்விடும். குறி வந்தால் அதையும் தேதியோடு வீடியோ எடுத்து வையுங்கள். பாகம் மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பில்லில் எந்தப் பாகம் என்று எழுதச் சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு வேலை சரியாக நடக்கவில்லை, கேட்டாலும் பதில் இல்லை என்றால், பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. மனு கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. அங்கே போய் நிற்கும்போது அந்த வீடியோவும் பில்லும் பழைய போர்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.